ஏழாவது படத்துக்கு மாலை

கண்ணு,

நெகிரி செம்பிலான் மாநிலத்து ஆணிகளுக்கெல்லாம் அதிபதியும், கண்ணை மூடிக்கொண்டு ஒரே அடியில் மூன்று ஆணி இறக்கியவன் என்று தானே சொல்லித் திரிந்தவனும், அரசாங்கக் கணக்கில் எண்பத்திரண்டும் முழங்கால் கணக்கில் நூற்று நாற்பதும் ஆனவனுமாகிய உன் அப்பன் எழுதுவது. சாப்பிட்டேன். மாத்திரை போட்டேன். நீ வாங்கிக் கொடுத்த கைத்தடியைத் தொடவில்லை. அதைப் பிடித்து நடந்தால் பக்கத்து வீட்டுப் பூனை என்னைக் கிழவன் என்று நினைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினாய். தீபாவளிக்கு வந்தபோது என் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து உன் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போனாயே, அதைப் பற்றி. "அப்பா, எங்க கன்சல்டன் அந்தப் படத்தப் பார்த்து அப்படியே மயங்கிட்டாங்கப்பா. செண்டாயான்ல புதுசா வர்ற ரெஸ்டாரண்ட்ல மெயின் சுவத்துக்கு அதான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆறடிக்குப் பெருசு பண்ணி, மேல மல்லிகப்பூ மால போடப்போறோம். சும்மா அழகா இருக்கும். ஒரிஜினல மட்டும் குடுங்கப்பா" என்றாய். நான் "யோசிச்சுச் சொல்றேன்லா" என்று வைத்துவிட்டேன். உனக்குக் கோபம். கிழவனுக்குக் காது கேட்கவில்லை என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். என் காதுக்கு என்ன? தம்பின் டவுன் சந்தையில் ஒரு நெத்திலி மீன் கூடையிலிருந்து விழுந்தால் இங்கே எனக்குக் கேட்கும். நன்றாகக் கேட்டதால்தான் வைத்தேன். சுவரில் மாட்டும் படத்துக்கு மாலை போடு என்று ஒருவர் என்னிடம் சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நான் சரி என்று சொன்னேன். அதில் ஒருவனுக்கு ஊரே இல்லாமல் போயிற்று. அந்தப் போட்டோவில் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவனுக்கு. அதனால் உனக்குப் பதில் சொல்ல போன் போதாது. உனக்கு மட்டும் எழுதினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். அதனால்தான் இதைப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

நீ இந்த வேலைக்குப் போனபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கட்டடம் கட்டுவதும் இல்லை, படம் வரைவதும் இல்லை, எந்தப் படம் எங்கே மாட்டுவது என்று யோசனை சொல்ல கன்சல்டன் என்று ஒரு ஆளா, அந்த ஆளுக்கு உதவியாக நம் வீட்டுப் பெண்ணா என்று. நான் சிரிக்கவில்லை, கவனித்தாயா? அப்படிப்பட்ட ஆளிடம் நான் அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே வேலை பார்த்துவிட்டேன். இந்த நாட்டில் அந்தத் தொழிலைத் தொட்ட முதல் தமிழன் நான்தான். மறுப்பவர்கள் வந்து என்னோடு மல்லுக்கு நிற்கலாம்.

அது அவசரகாலம், வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை. தம்பினிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம், அதில் நான் ஆசாரி. வயது இருபத்திரண்டு. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள், ரோட்டில் துப்பாக்கியோடு ஆட்கள், நடுவில் பால் மரமும் நாங்களும். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி. பால் வெட்டப் போகும்போது சோறு கொண்டுபோகக் கூடாது, காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிடுவோமாம். ஒருநாள் பெரிய துரையின் பங்களாவைச் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதிருந்த துரை கட்டிலுக்கு அடியில் படுத்துத் தப்பித்து, மறுவாரமே சீமைக்குக் கப்பலேறிவிட்டார். பங்களா ஹாலில் முப்பத்தொரு குண்டு ஓட்டை. நானே விரலை விட்டு எண்ணினேன். கள்ளுக்கடையில் கேட்டவர்களிடம் முன்னூற்றுப் பத்து என்று சொன்னேன். மூன்றே நாளில் அது சிரம்பான் போய்ச் சுற்றி, ஆயிரத்து இருநூறாக எனக்கே திரும்பி வந்தது. எனக்கு அதில் ஒரு பெருமை. என் வாயிலிருந்து போகிற வார்த்தைக்குக் கால் முளைக்கிறதே என்று.

புதுத் துரை வந்தார். சின்ன வயது, வெயில் பட்டால் இறால் மாதிரி சிவந்துவிடும் முகம். தமிழில் 'வா', 'போ' வரைக்கும் படித்திருந்தார். லண்டனிலிருந்து கம்பெனியின் பெரிய மனிதர்கள் தோட்டம் பார்க்க வருவதாக இருந்தது. இங்கே ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் அமைதி என்று அவர்களுக்குத் தெரியவேண்டும். நான் ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தேன். சுவருக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அப்புறம்தான் சிங்கப்பூரிலிருந்து அந்த வெள்ளைக்காரி வந்தாள். கம்பெனிக்கு ஆபீஸ் அறைகள், பங்களாக்கள், ஹால்கள் எல்லாவற்றிலும் எந்தப் படம் எங்கே என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். நாங்கள் படத் துரைசாணி என்று பெயர் வைத்தோம். ஒட்டகத்துக்குத் தொப்பி வைத்த உயரம். சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலேயே இருமுவாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைக் கேள், உனக்கு உதவும். முதல் நாள் ஒரு முக்காலியைப் போட்டு ஹாலின் நடுவில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. சுவர் வெட்கப்பட்டு எழுந்து வெளியே போய்விடும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பழுப்புக் காகிதத்தை ஒவ்வொரு படத்தின் அளவுக்கும் வெட்டச் சொன்னாள். படத்துக்குப் பதிலாக முதலில் காகிதத்தைச் சுவரில் குத்தவேண்டும். ஓட்டை இருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தாள். காகிதம் புள்ளியை மூடவேண்டும். ஆனால் புள்ளியை மூடத்தான் அங்கே வந்தது என்று பார்ப்பவனுக்குத் தோன்றக் கூடாது. உன் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இதில் இருக்கிறது.

எங்களுக்குள் பேச்சு மலாயில். நான் முதல் காகிதத்தைக் குத்தினேன், நம் வீட்டுச் சாமி படம் மாதிரி, கூரைக்குக் கீழே ஒரு சாண் விட்டு, முன்னால் சாய்த்து. "துருன்" என்றாள், இறக்கு என்று. ஒரு சாண் இறக்கினேன். "துருன்." இறக்கினேன். "துருன் லாகி!" இன்னும் இறக்கு. ஏணியிலிருந்து தரைக்கே வந்துவிட்டேன். அவள் எழுந்து வந்து காகிதத்தின் நடுவில் தன் மோவாயை வைத்துக் காட்டினாள். படத்தின் நடு, பார்ப்பவரின் மோவாய்க்கு வரவேண்டும். அவள் மோவாய் என் தலைக்கு மேலே இருந்தது என்பது வேறு விஷயம். படம் என்றால் அண்ணாந்து கும்பிடுவதற்கு என்று நினைத்திருந்தேன். முகத்துக்கு முகம் பார்ப்பதற்கும் படம் மாட்டுவார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்தது, கண்ணு. அதையும் எழுதவேண்டும்.

ஹாலின் பெரிய சுவரில் ஏழு படம். ஆறு, கம்பெனியை ஆரம்பித்த வெள்ளைக்காரக் கிழவர்கள், எண்ணெய்ச் சாயத்தில். எல்லாரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஏழாவது, அப்போது தோட்டத்தை நடத்திய புதுத் துரையின் போட்டோ. அது கம்பெனி வழக்கம். எல்லாம் அளவெடுத்து முடிந்த பிறகு, ஒரு மாலைப்பொழுது படத் துரைசாணி லயத்தைச் சுற்றிப் பார்க்கப் போனாள். அங்கே காலமாகிவிட்ட பழைய கங்காணியின் போட்டோ ஒரு வீட்டில் மாட்டியிருந்தது. பொட்டு வைத்து, மாலை போட்டு. அதைப் பார்த்தவள் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். அவ்வளவு பிடித்துவிட்டது. மறுநாள் காலையில் ஏழு காகிதத்தின் மேலும் பென்சிலால் மாலை வரைந்து, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, என்னிடம் நீட்டினாள். ஏழு படத்துக்கும் வெள்ளைப் பூ மாலை வேண்டும். ஏழுக்கும்.

மூன்று வார்த்தை போதும். 'ஓராங் மாத்தி பூஞா.' செத்தவர்களுடையது. அந்த மலாய் எனக்கு நன்றாகவே வரும். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. ஆறு கிழவர்களுக்கு மாலை முறைப்படி சரிதான். ஏழாவதாக உயிரோடு இருக்கிற துரை மாலையோடு சுவரில் தொங்குவார். லண்டன்காரர்கள் அதற்குக் கீழே நின்று சூப்புக் குடிப்பார்கள். லயத்தில் ஆறு மாசத்துக்குச் சிரிப்பு. "பாகுஸ்" என்றேன். அருமை என்று அர்த்தம்.

மாலை கட்டிக் கொடுத்தவன் வீரையா. பால் வெட்டுகிறவன், இதே மாநிலத்துச் சுவா பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்தவன், என்னைவிட ஐந்து வயது பெரியவன். லயத்துக்குப் பின்னால் நந்தியாவட்டையும் அரளியும் வைத்திருந்தான். மாரியம்மன் கோயிலுக்கு அவன் கட்டுகிற மாலைதான். பாக்கியம் என்று மனைவி. ஒரு திங்கட்கிழமை ஏழு மாலையைக் கூடையில் வைத்துப் பங்களாவுக்கு எடுத்து வந்தான். நான் ஏணியில் இருந்தேன்.

"கோயிலுக்கே மூணு மாலதான்டா கட்டுவேன். ஏழு யாருக்கு மச்சான்?"

"பங்களாவுல ஏழு சாமி இருக்கு. ஆறு சாமி போயிடுச்சி. ஒண்ணு போகப் போவுது."

அவன் நிமிர்ந்து படங்களைப் பார்த்தான். ஏழாவதைப் பார்த்து முகம் மாறிற்று. "டேய், அது நம்ப தொரடா. உசுரோட இருக்காருல்ல? தொரசானிகிட்ட சொல்லு, தப்புன்னு."

"நீயே சொல்லு."

"எனக்கு மலாய் எங்க வருது?"

"எனக்கு வரும். சொல்ல மாட்டேன். இன்னிக்கி மால, அடுத்த வாரம் தொரைக்குக் கருமாதி. வடைக்கு உளுந்து ஊறப்போடச் சொல்லு பாக்கியத்த!"

அவன் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தான். முடியவில்லை. வயிற்றைக் கூடையில் முட்டுக்கொடுத்துச் சிரித்தான். நானும் ஏணி ஆடும்படி சிரித்தேன். படத் துரைசாணி, சுவர் முடிந்ததைப் படம் பிடிக்கக் காமிராவோடு வந்தவள், எங்களைப் பார்த்து ஒரு கிளிக் அடித்தாள். உன் கன்சல்டன் மயங்கிய படம் அதுதான். தோட்டத்து ஜனங்களின் கள்ளமில்லாத சிரிப்பு என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். எதற்குச் சிரித்தோம் என்று இப்போது உனக்குத் தெரியும்.

மாலைகளைப் போட்டேன். சாயங்காலம் துரை வந்து பார்த்தார். தன் படத்துக்கு முன்னால் நின்றார். எனக்குத் தொண்டையில் சிரிப்பு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, எங்கேயோ புதிதாகக் கற்றுக்கொண்ட தமிழில், "நல்லா இர்க்கு" என்றார். படத் துரைசாணி செவ்வாய்க்கிழமை சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை காலையில் தம்பின் ரோட்டில், ஒரு வளைவில், துரையின் காரைச் சுட்டார்கள். அவரும் டிரைவரும் அங்கேயே முடிந்தார்கள்.

செய்தி வந்தபோது ஹால் ஜன்னலுக்கு நான் வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். சமையல்காரன் ஓடிவந்து சொன்னான். கேட்டேன். பாதி ஜன்னல் மீதி இருந்தது, அதை அடித்து முடித்தேன். பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி. எழுபது புலியைக் காதைப் பிடித்துத் திருகியவன் என்று உனக்குக் கதை சொன்ன அப்பன்தான். அந்த ஊசி இன்னும் முழுக்க இறங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து போலீஸ் வந்தது. கூட ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர். வெள்ளைக்கார அதிகாரி ஹாலுக்குள் வந்து சுவரைப் பார்த்தார், அவருக்கு அது அலங்காரம். இன்ஸ்பெக்டர் பார்த்தார். அவர் நம்ம ஆள். அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த மாலைய யார் போட்டது?"

"நான்தாங்க."

"என்னைக்கு?"

"திங்கக்கெழம."

"திங்கக்கெழம மால. வியாழக்கெழம ஆள் காலி. உனக்கு முன்னாடியே யாருய்யா தகவல் குடுத்தா?"

மாட்டச் சொன்னது துரைசாணி என்றேன். சிரித்தார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடச் சொல்ல எந்த வெள்ளைக்காரிக்கும் பைத்தியம் இல்லை என்றார். அப்போதுதான் எனக்கு அந்தப் பழுப்புக் காகிதங்கள் ஞாபகம் வந்தன. வேலை முடிந்ததும் அவற்றைத் தூக்கி வந்து, என் லயத்து அறையில் பலகைச் சந்துகளில் காற்று வராமல் ஒட்டியிருந்தேன். இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஏழும் இருந்தன. ஏழின் மேலும் அவள் கையால் வரைந்த மாலை, அவள் கையெழுத்து. அதிகாரி குனிந்து படித்தார். தலையை ஆட்டினார். அந்தப் பசை காய்ந்த காகிதம் இல்லாவிட்டால் நீ பிறந்திருக்க மாட்டாய்.

இன்ஸ்பெக்டர் வாசற்படியில் நின்றார். "மால விஷயம் முடிஞ்சிது. ஆனா செவ்வாக்கெழம கள்ளுக்கடையில ஒருத்தன் பேசியிருக்கான். தொரைக்கு மால போட்டாச்சி, அடுத்த வாரம் கருமாதி, உளுந்து ஊறப்போடுங்கன்னு. கேட்டவன் வந்து எழுதிக் குடுத்திருக்கான். வீரையாவாம். அந்தப் பேச்சு அவனுக்கு எங்கேருந்து வந்திச்சி? உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை. வீரையா என் ஜோக்கை, என் வார்த்தை ஒன்றுகூட மாறாமல், கள்ளுக்கடையில் சொல்லியிருக்கிறான். அவனுக்கே சொந்தமாக ஒரு ஜோக் வராது, பாவம். அவனையும் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என்னைத் தேடி யாரும் திரும்பி வரவில்லை.

மறுநாள் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகிற வழியில் பாக்கியம் என்னை மறித்தாள். அழவில்லை. சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அது உங்க பேச்சுன்னு எனக்குத் தெரியும். அவரு வந்து வீட்டுல சொல்லிச் சிரிச்சாரு. மச்சான் இப்பிடிச் சொல்றான் பாருன்னு."

"ம்."

"உங்களுக்குத்தான் தொரசானி எழுதிக் குடுத்த காயிதம் இருக்கே. ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெளயாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்கண்ணே."

"நாளைக்குப் போறேன் பாக்கியம்" என்றேன்.

அவள் சொன்னது நியாயம். காகிதம் என் பக்கம் இருந்தது. சொல்லியிருந்தால் பத்து அடி, ஒரு மாசம் உள்ளே, அதற்கு மேல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இல்லை, அவனுக்குப் பதில் நான் கப்பலேறியிருப்பேனோ என்னவோ. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை. நாளைக்கு என்று சொன்னவன் மறுநாளும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. லயத்தில் பத்துப் பேருக்காவது அது என் வாயிலிருந்து வந்த பேச்சு என்று தெரிந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் பழக்கமாக இருந்தது.

அதற்குள் துரையின் மனைவி மலாக்காவிலிருந்து வந்துவிட்டாள். ஹாலுக்குள் வந்து ஏழாவது படத்துக்கு முன்னால் நின்றாள். மாலை வாடிப் பழுத்துக் கிடந்தது. யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், தமிழர்கள் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இது என்று. அவர் போன பிறகு நாங்கள் போட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தினமும் புதுமாலை போடமுடியுமா என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி என்னைக் கேட்கச் சொன்னாள். மாலை கட்டுகிறவன் போலீஸ் காவலில் இருந்தான். நானே கட்டினேன். எனக்குக் கட்ட வராது. நார் நழுவும், பூ உதிரும். பத்து நாள் கட்டிப் போட்டேன். ஏழாவது படத்துக்கு மாலை இப்போது முறைப்படி சரியாக இருந்தது.

வீரையாவை நாடு கடத்துவது என்று முடிவாயிற்று. காட்டுக்காரர்களோடு தொடர்பு என்று எழுதினார்கள். இந்தியாவுக்கு. அவன் பிறந்தது சுவா பக்கத்து ஒரு லயத்தில். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கோயில் கோபுரத்தைக் காட்டுவான். சாமான் எடுத்துக்கொள்ள லாரியில் கூட்டிவந்தார்கள். பாக்கியம் ஒரு மூட்டை கட்டியிருந்தாள், அவளும் கூடப் போகிறாள். லயமே வாசலில் நின்றது. நானும் நின்றேன், கடைசியில் அல்ல, முன்னாலேயே. அவன் லாரியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"மச்சான், செடிக்குத் தண்ணி ஊத்து. அரளி தாங்கும், நந்தியாவட்ட தாங்காது."

"சரி" என்றேன்.

லாரி போய்விட்டது. அன்றைக்கே ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். ஒன்றரை வருஷம் கழித்து லயங்களைப் பிரித்து எங்களை வேறு வேலிக்குள் குடியேற்றினார்கள். செடிகள் வேலிக்கு வெளியே போய்விட்டன. அதன் பிறகு ஊற்றவில்லை. அவனுக்காக நான் செய்தது அது ஒன்றுதான். பெரிதாக்கிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை, முயற்சி செய்து பார்த்துவிட்டேன். அவன் கடிதம் எழுதவில்லை. எழுதத் தெரியாது. நானும் எந்த ஊருக்கு எழுதுவது? போட்டோ மட்டும் சிங்கப்பூரிலிருந்து ஒரு மாசம் கழித்துத் தபாலில் வந்தது. படத் துரைசாணி பின்பக்கம் 'பாகுஸ்' என்று எழுதி அனுப்பியிருந்தாள். உன் அம்மா இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. யாருப்பா இது கூடையோடு என்று நீ தீபாவளிக்குக் கேட்டாய். தோட்டத்து ஆள் என்றேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கே இல்லை. கடலை நீந்தி சுமத்ரா போய் மத்தியானச் சோற்றுக்குத் திரும்பினேன் என்றேன். யானையை மடியில் படுக்கவைத்துத் தாலாட்டினேன் என்றேன். என் கதைகளில் அப்புறம் எல்லாமே புலி, யானை, கடல்தான், பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன்கூட வந்ததில்லை. புலியைப் பற்றிச் சொன்னால் புலியைப் பிடித்துக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள்.

உனக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். உன் கன்சல்டன் நல்லவராக இருக்கலாம், என் படத் துரைசாணியும் கெட்டவள் இல்லை. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டேன். நாளைக்கு அவர் ஏதாவது ஒன்றை மாட்டச் சொல்வார். பார்த்ததும் உனக்கு, நம்ம வீட்டில் இதை இப்படிச் செய்ய மாட்டோமே என்று தோன்றும். அப்போது உள்ளுக்குள் சிரிக்காதே, உடனே சொல்லிவிடு. அவருக்கு முகம் சுருங்கினால் சுருங்கட்டும். வேலை போனால் வீட்டுக்கு வா, ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது, நான் சமைப்பதைச் சாப்பிட்டு உயிர் பிழைத்தவர் என்ற பட்டமும் கிடைக்கும்.

படத்தை உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆறடி என்ன, அறுபதடிக்குப் பெரிதாக்கு. அந்த உணவகம் நிற்கிற மண்ணிலும் பால் மரம் நின்றிருக்கும், அவன் மாதிரி யாராவது வெட்டியிருப்பார்கள். கூரைக்குப் பக்கத்தில் மாட்டாதே. நடு, உன் மோவாய் உயரத்துக்கு வரட்டும். சாப்பிட வருகிறவர்கள் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கட்டும். கீழே வீரையா என்று எழுது, சுவாக்காரன் என்று எழுது. என் பெயர் வேண்டாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எவராவது கேட்டால் சொல்.

மாலை மட்டும் போடாதே, கண்ணு. எனக்கென்று கேட்டால் இப்போதே போடலாம், நான் தடுக்க மாட்டேன், இன்னும் கொஞ்ச நாளில் எப்படியும் போடத்தான் போகிறாய். ஆனால் அதே படத்துக்குள் அவன் நிற்கிறான். இப்போது இருந்தால் அவனுக்கு எண்பத்தேழு. அவன் செத்துவிட்டான் என்று இதுவரை யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

உன் அப்பா